காட்டும் ஒளியும் மறைக்கும் ஒளியும்

1966ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, மத்தியதரைக் கடலோரத்திலுள்ள மொன்டே கார்லோவில், மோட்டார் வண்டி வரலாறு காணாத வழக்கொன்று எழுந்தது. ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் புறப்பட்டு, பனி மூடிய ஆல்ப்ஸ் மலைப்பாதைகளை இரவு பகலாகக் கடந்து, அங்கு வந்து முடிவது மொன்டே கார்லோ ரலி என்னும் நெடும் பந்தயம். அவ்வாண்டு முதல் மூன்று இடங்களையும் பிடித்தவை மினி கூப்பர் என்னும் பிரித்தானியச் சிறு வண்டிகள் மூன்று. அவற்றைச் செலுத்தியோர் பின்லாந்தவரான திமோ மாக்கினன், ரௌனோ ஆல்தொனன் ஆகிய இருவரும், அயர்லாந்தவரான பாடி ஹொப்கேர்க்கும் ஆவர். ஆயினும் பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேகத்தில் ஐயம் இல்லை. இயந்திரத்தில் பிழை இல்லை. வண்டியின் விளக்கிலேயே குற்றம் காணப்பட்டது.

விளக்கு ஒன்றுக்காக வெற்றியைப் பறிப்பதா என்று அந்நாளிற் பலர் கொதித்தனர். ஆனால், அவ்வழக்கின் வேரைத் தேடிச் செல்பவர், மோட்டார் வண்டி பிறந்த காலத்துக்கே செல்லவேண்டியிருக்கும். வண்டி விளக்கின் வரலாறு முழுவதும் இரண்டு தேவைகளுக்கிடையே நிகழ்ந்த இழுபறியாகும். சாரதி தன் வழியைக் காணவேண்டும் என்பது ஒன்று; எதிரே வருபவர் கண் கூசி வழி தவறக்கூடாது என்பது மற்றையது. முன்னதை நிறைவேற்ற ஒளியைப் பெருக்கினால் பின்னது கெடுகிறது. பின்னதைக் காக்க ஒளியைக் குறைத்தால் முன்னது கெடுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பாற்ற மனிதன் செய்த முயற்சியே வண்டி விளக்கின் கதை.

குதிரை வண்டிக் காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. வண்டியின் இரு மருங்கிலும் எரிந்த மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் வழியைக் காட்டுவதற்காக அமைந்தவை அல்ல. வண்டி வருகின்றது என்று பிறருக்கு அறிவிப்பதற்காக அமைந்தவை. வழி பார்க்கக் குதிரைக்குக் கண் இருந்தது. இயந்திரத்துக்கோ கண் இல்லை. ஆகவே, குதிரையின் இடத்தை இயந்திரம் பிடித்ததும், அறிவிக்கும் விளக்கு காட்டும் விளக்காக மாறவேண்டியதாயிற்று.

முதலில் உதவிக்கு வந்தது அசற்றலீன் வாயு. 1892ஆம் ஆண்டில், தோமஸ் வில்சன் என்னும் கனேடியர், அமெரிக்காவின் வட கரோலினாவில் வேறொரு பொருளைத் தேடி மின்னுலை மூட்டியபோது கல்சியம் காபைட்டு கிடைத்தது. கல்லைப் போன்ற இப்பொருளின்மீது நீர்த்துளி விழுந்தால் அசற்றலீன் வாயு எழும். அவ்வாயு வெண்மையான பிரகாசமான சுடருடன் எரியும். வண்டியிலே ஒரு கலத்தில் காபைட்டையும் அதன்மேல் நீரையும் வைத்து, நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எழும் வாயுவைக் குழாய்வழி விளக்குக்குக் கொண்டு சென்றனர். இவ்விளக்குகளைச் செய்து விற்றுப் பொருளீட்டியவர்களுள் பிரான்சின் லூயி பிளேரியோவும் ஒருவர். அப்பொருளைக் கொண்டு அவர் ஆகாய விமானங்கள் செய்தார். 1909ஆம் ஆண்டு யூலை 25ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதற் கடந்து உலகப் புகழ் பெற்றார். வானத்தை வென்ற அந்த முயற்சிக்கு வீதி விளக்கு முதல் தந்தது என்பது நினைவுகூரத்தக்கது.

அசற்றலீன் விளக்கு பிரகாசமானது; ஆனால் தொல்லை மிகுந்தது. குளிர் நாடுகளில் அதன் நீர் உறைந்துபோகும். எரிந்து முடிந்ததும் கலத்திலே சுண்ணாம்புச் சேறு தங்கும். ஒவ்வொரு விளக்கையும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தீக்குச்சி கொண்டு ஏற்றவேண்டும். எதிரே ஒருவர் வரும்போது உடனே ஒளியைத் தாழ்த்துவதற்கும் எளிய வழி இல்லை.

மின்விளக்கு வீடுகளுக்கு வந்த பின்னரும் வண்டிக்கு வரக் காலம் பிடித்தது. அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பழைய மின்குமிழின் மெல்லிய இழை வீதியின் குலுக்கலைத் தாங்கவில்லை. மற்றொன்று, ஓடும் வண்டியில் மின்னை ஆக்கித் தரும் சிறிய, உறுதியான டைனமோ இருக்கவில்லை. முதற் குறையை அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் கூலிட்ஜ் தீர்த்தார். எளிதில் முறியும் இயல்புடைய தங்குதன் உலோகத்தை, 1910ஆம் ஆண்டையொட்டி, அவர் உறுதியான கம்பியாக இழுத்துக் காட்டினார். இரண்டாம் குறையை நீக்கியதில் சார்ள்ஸ் கெற்றரிங்குக்குப் பெரும் பங்குண்டு. அவர் அமைத்த முறையிலே, இயந்திரத்தைத் தொடக்குதல், எரிபொருளைப் பற்றவைத்தல், விளக்கேற்றுதல் ஆகிய மூன்றும் ஒரே மின்னமைப்பில் இணைந்தன. 1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகள் அம்முறையுடன் வெளிவந்தன. டைனமோ மின்னை ஆக்கியது. பற்றரி அதைச் சேமித்தது. வண்டி நின்றாலும் விளக்கு எரிந்தது.

பற்றரியின் அருமையை உணர்த்திய வண்டி போர்டின் டி மாதிரி வண்டியாகும். 1915ஆம் ஆண்டில் அதற்கு மின் முன்விளக்குகள் பொருத்தப்பட்டன. ஆனால் அவற்றுக்கு மின் கொடுத்தது பற்றரி அன்று. இயந்திரத்தோடு சுழன்ற மக்னீற்றோ ஆகும். இயந்திரம் வேகமாக ஓடினால் விளக்கு பிரகாசிக்கும். மெதுவாக ஓடினால் மங்கும். கரடுமுரடான வழியிலே மெதுவாகச் செல்லும்போதுதான் ஒளி மிக வேண்டும். அப்பொழுதே அது குறைந்தது.

ஒளி பெருகியதும் மறுபக்கத் துன்பமும் பெருகியது. இருளுக்குப் பழகிய கண்ணிலே கடும் ஒளி பாய்ந்தால், அவ்வொளி கடந்து சென்ற பின்னும் சில விநாடிகள் கண் எதையும் காணாது. அச்சில விநாடிகளில் வண்டி எத்தனையோ யார் தூரம் ஓடிவிடும். ஆகவே ஒளியைத் தாழ்த்தும் வழிகளைப் பலரும் தேடினர். இங்கிலாந்திலே 1930ஆம் ஆண்டுகளில் ஒருமுறை பரவலாக இருந்தது. சாரதி சுவிச்சை அழுத்தினால், வீதியின் நடுப்பக்கத்து விளக்கு அணையும். ஓரப்பக்கத்து விளக்கின் தெறிகண்ணாடியை மின்காந்தம் ஒன்று இழுத்துக் கீழ்நோக்கிச் சாய்க்கும். எதிரே வருபவருக்கு நிம்மதி. ஆனால் சாரதிக்குப் பாதி வழி இருண்டுவிடும்.

இதனிலும் சிறந்த வழி ஜேர்மனியிலிருந்து வந்தது. 1924ஆம் ஆண்டளவில் ஒஸ்ராம் நிறுவனம் ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகளை வைத்தது. ஓர் இழை நெடுந்தூரம் செல்லும் உயரொளியைத் தரும். மற்றையது கீழ்நோக்கிய தாழ்வொளியைத் தரும். அதன் அடியில் அமைந்த சிறு தகடு மேலெழும் கதிர்களைத் தடுக்கும். சுவிச்சு ஒன்றின் அசைவிலே இரு விளக்குகளும் ஒருங்கே தாழும். காண்பதும் காட்டுவதும் ஒரு குமிழுக்குள் சமரசம் செய்துகொண்டன. இந்த இரட்டை இழையே நாற்பது ஆண்டுகளின் பின் மொன்டே கார்லோ வழக்கின் மையப் பொருளாயிற்று.

இதற்கிடையே, வண்டியோடு வந்த இரண்டு விளக்குகள் போதா என்ற எண்ணமும் வளர்ந்தது. பிரான்சின் லெ மான் நகரில் 1923ஆம் ஆண்டு மே மாதம் 24 மணி நேரப் பந்தயம் முதன்முறை நடந்தது. அந்நாளைய வண்டிகளின் மின்விளக்கு, மின்தொடக்கி ஆகியவை நம்பத்தக்கனவாக இல்லை. அவற்றை இரவோட்டத்திற் சோதித்துச் சீர்செய்யத் தூண்டுவதும் அப்பந்தயத்தைத் தொடங்கியோரின் நோக்கமாக இருந்தது. அம்முதற் பந்தயத்திலேயே, ஜோன் டவ், பிராங் கிளெமன்ற் ஆகியோரின் பென்ற்லி வண்டியில் கல் தெறித்து ஒரு முன்விளக்கு உடைந்தது. 1927ஆம் ஆண்டில், பல வண்டிகள் மோதிக்கொண்ட விபத்திலிருந்து சிதைவோடு தப்பிய மற்றொரு பென்ற்லி, ஒரு முன்விளக்கை இழந்த நிலையிலும் இரவு முழுவதும் ஓடி வெற்றி பெற்றது. இத்தகைய அனுபவங்கள் மேலதிக விளக்கின் தேவையை ஐயமின்றி உணர்த்தின.

மேலதிக விளக்குகள் இருவகை. ஒன்று தூரவிளக்கு. அதன் கதிர் ஒடுங்கியது; நேரே நெடுந்தூரம் செல்வது. மற்றையது மூடுபனி விளக்கு. அதன் கதிர் அகன்றது, தட்டையானது, கீழ்நோக்கியது. மூடுபனியின் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சாரதியின் கண்ணுக்கே திருப்பி வெண்திரை ஒன்றை விரிக்கும். அங்கே ஒளியைக் கூட்டக் கூட்டத் திரை தடிக்கும். ஆகவே, அவ்விளக்கை வண்டியின் அடிப்பகுதியிற் பொருத்தி, கண்மட்டத்துக்குக் கீழே ஒளியைச் செலுத்துகின்றனர். மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. ஆனால் நீர்த்துளிகள் ஒளியலைகளைவிட மிகப் பெரியனவாதலால், நிறத்தால் விளையும் வேறுபாடு சிறிதே. பிரான்சிலே 1930ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி முதல் 1993 வரை வண்டிகளின் முன்விளக்கு மஞ்சளாக இருக்கவேண்டும் என்ற சட்டம் நிலவியது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் கண்கூச்சத்தைக் குறைத்தல் முதன்மையானது.

தூரவிளக்கின் தேவைக்குக் கணக்கே சான்று. பிரித்தானிய வீதி விதிநூலின்படி, மணிக்கு 30 மைல் வேகத்திற் செல்லும் வண்டியை நிறுத்த 75 அடி வேண்டும்; 60 மைல் வேகத்துக்கு 240 அடி வேண்டும். வேகம் இருமடங்காக, நிறுத்தும் தூரம் மும்மடங்குக்கு மேலாகிறது. ஒளியோ தூரம் இருமடங்கானால் நான்கில் ஒன்றாகக் குறையும். விளக்கு காட்டும் எல்லைக்குள் நிற்க முடியாத வேகத்தில் ஓடுபவர், கண்ணை மூடிக்கொண்டு ஓடுபவருக்கு ஒப்பாவார்.

ஒளி இல்லாவிடின் என்ன நேரும் என்பதை இரண்டாம் உலகப்போர் காட்டியது. 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் பிரித்தானியாவில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. வீதி விளக்குகள் அணைந்தன. வண்டி விளக்குகளுக்கு முகமூடி இட்டு, மெல்லிய கீற்றளவே ஒளியை அனுமதித்தனர். நடைபாதை ஓரங்களிலும் வண்டிகளின் விளிம்புகளிலும் வெள்ளை பூசினர். பெற்றோல் பங்கீட்டினால் வண்டிகள் குறைந்திருந்தும், 1941ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் மாண்டோர் தொகை 9,169. அந்நாடு எந்த ஓர் ஆண்டிலும் கண்ட வீதி மரணங்களுள் அதுவே மிகப் பெரிய தொகை. பகைவரின் குண்டுக்கு அஞ்சி அணைத்த விளக்கே சொந்த மக்கள் பலரின் உயிருக்கு உலையாயிற்று.

போர் முடிந்தபின், மேலதிக விளக்கு பூட்டும் ஆவல் பொதுமக்களிடையேயும் பரவியது. விளக்கை வாங்குதல் எளிது. அதற்கு முறையாகக் கம்பி இழுத்தலே அருஞ்செயல். 36 வாற்று விளக்கு ஒன்றுக்கு, 6 வோல்ற்று வண்டியில் 6 அம்பியர் மின்னோட்டம் வேண்டும். 12 வோல்ற்று வண்டியில் 3 அம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால், அதே கம்பியில் வீணாகும் வலு நான்கில் ஒன்றாகும். 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வண்டிகள் 6 வோல்ற்றைக் கைவிட்டு 12 வோல்ற்றுக்கு மாறியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மெல்லிய கம்பியில் நெடுந்தூரம் மின்னைச் செலுத்தினால் வழியிலேயே வோல்ற்றளவு குறையும். மின்குமிழுக்குக் கிடைக்கும் வோல்ற்றளவு பத்திலொரு பங்கு குறைந்தால், ஒளி ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். எனவே, பற்றரியிலிருந்து விளக்குக்குச் செல்லும் கம்பி தடித்ததாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். ஆனால், அத்தடித்த கம்பியைச் சாரதியின் சுவிச்சுவரை கொண்டுசென்று மீட்பது எப்படி? விடை தந்தது தந்தித் துறை. தொலைதூரத்திலிருந்து களைத்து வரும் மின்குறியைப் புது வலுவோடு முன்செலுத்தத் தந்திக்காரர் பயன்படுத்திய கருவி ரிலே. களைத்த குதிரையை அவிழ்த்துப் புதுக் குதிரை பூட்டும் வழக்கத்திலிருந்து அப்பெயர் வந்தது. சுவிச்சிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் ரிலேயின் காந்தச் சுருளை இயக்கும். காந்தம் இழுத்த இணைப்பின்வழி பெரு மின்னோட்டம் பற்றரியிலிருந்து விளக்குக்கு நேரே பாயும். விளக்கைக் கடந்த மின், தனிக் கம்பி இன்றி, வண்டியின் இரும்புடல் வழியே பற்றரிக்குத் திரும்பும். பற்றரியின் அருகே பியூஸ் ஒன்று இருத்தலும் இன்றியமையாதது. கம்பியின் உறை தேய்ந்து இரும்புடலைத் தொட்டால், முதலில் எரிவது பியூசாக இருக்கவேண்டும், வண்டியாக இருக்கக்கூடாது.

இவை யாவற்றிலும் பெரிது மற்றொரு கேள்வி. ரிலேயின் சுருளை இயக்கும் அச்சிறு கம்பியை எங்கிருந்து எடுப்பது? பற்றரியிலிருந்தே எடுத்துத் தனிச் சுவிச்சு வைத்தால், சாரதி முன்விளக்கைத் தாழ்த்திய பின்னும் தூரவிளக்குகள் எரிந்துகொண்டேயிருக்கும். முன்விளக்கின் உயரொளிக் கம்பியிலிருந்து எடுத்தால், உயரொளி தாழும் கணத்திலே தூரவிளக்குகளும் தாமாகவே அணையும். விளக்கு ஒன்றே, வலுவும் ஒன்றே. விரலளவு நீளக் கம்பியின் தொடக்க இடம் மட்டும் வேறு. எதிரே வருபவரின் உயிர் அந்தத் தொடக்க இடத்திலே தங்கியிருக்கிறது.

மொன்டே கார்லோ வழக்கை இனி விளங்கிக்கொள்ளலாம். 1962ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வண்டிகளுக்கு அயடீன் மின்குமிழ் வந்தது. சாதாரண மின்குமிழில் இழையிலிருந்து ஆவியாகும் தங்குதன் கண்ணாடியிற் படிந்து அதனைக் கருக்கும். அயடீன் மின்குமிழில், ஆவியான தங்குதனை அயடீன் பற்றிக்கொண்டு மீண்டும் இழைக்கே கொண்டுசேர்க்கும். அதனால் இழையை அதிகமாகச் சூடாக்கலாம், ஒளி மிகும், குமிழும் கருகாது. ஆனால் அம்மின்குமிழில் இழை ஒன்றே இருந்தது. ஓரிழைக்கு உயரொளி மட்டுமே உண்டு, தாழ்வொளி இல்லை. பிரித்தானிய அணியினர் அதனை மினியின் முன்விளக்கிற் பொருத்தினர். ஒளியைத் தாழ்த்தவேண்டியபோது, முன்விளக்கு அணைந்து, கீழேயிருந்த மூடுபனி விளக்குகள் எரியுமாறு கம்பிகளை இணைத்தனர்.

இரட்டை இழை மின்குமிழுக்குப் பதிலாக ஓரிழை மின்குமிழைப் பூட்டியது விதிக்கு மாறு என்று பந்தய நடுவர் தீர்த்தனர். அவ்வாண்டு புதிதாக வந்த விதிகள், தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் இடையே வேறுபாடு கூடாதென வலியுறுத்தின. மினிகள் மூன்றும் நீக்கப்பட்டன. நான்காவதாக வந்த ரொஜர் கிளார்க்கின் போர்ட் கோர்ட்டினாவும், பெண் சாரதியரிற் சிறந்தவராக வந்த ரோஸ்மேரி சிமித்தின் ஹில்மன் இம்பும் அவ்வாறே நீக்கப்பட்டன. ஐந்தாவதாக வந்த சித்ரோயென் வண்டியின் சாரதி, பின்லாந்தவரான பௌலி தொய்வொனன், வெற்றியாளரென அறிவிக்கப்பட்டார். தாம் ஓடிப் பெறாத வெற்றியை அவர் மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. மேன்முறையீடுகள் பயன் தரவில்லை. பிரான்சு தன் நாட்டு வண்டிக்குச் சலுகை காட்டியதென்று பிரித்தானியப் பத்திரிகைகள் சீறின. அடுத்த ஆண்டு, 1967இல், ஆல்தொனன் மீண்டும் மினியில் வந்து, 13 விநாடி முந்தி வென்று, அந்தத் தாகத்தைத் தீர்த்துக்கொண்டார்.

நடுவரின் நோக்கம் நடுநிலையானதா என்பது வாதத்துக்குரியது. ஆனால் அவர்கள் கைவைத்த விதி பொருளற்றதன்று. புதிய மின்குமிழ் காட்டும் ஆற்றலிற் பெரிதும் முன்னேறியிருந்தது. மறைக்காதிருக்கும் பண்பை அது இன்னும் கற்கவில்லை. அக்குறையைத் தம் கம்பி இணைப்பினால் நிரப்ப பிரித்தானிய அணியினர் முயன்றனர். தொழில்நுட்பம் பாதி வழியில் நின்ற காலத்தின் வழக்கு அது. 1971ஆம் ஆண்டில், அயடீன் குடும்பத்தைச் சேர்ந்த இரட்டை இழை மின்குமிழ் எச் 4 என்னும் பெயரோடு வெளிவந்தது. ஐந்தாண்டுக்கு முன் அது வந்திருந்தால் வழக்கே எழுந்திராது.

பின்னர் வந்த மாற்றங்கள் பல. டைனமோவின் இடத்தை மெதுவான ஓட்டத்திலும் மின் தரவல்ல ஆல்ற்றனேற்றர் பிடித்தது. 1990ஆம் ஆண்டுகளில் செனன் வாயு விளக்குகளும், 2008ஆம் ஆண்டையொட்டி எல்.ஈ.டி. முன்விளக்குகளும் வந்தன. சிறிதளவு மின்னிலே பேரொளி கிடைக்கிறது. மேலதிக விளக்குகளும் மலிந்துவிட்டன. ஆயினும் ஒளியைப் பெறும் கண்ணில் மாற்றமில்லை. கூச்சத்தால் அது குருடாகும் விநாடிகளும் குறையவில்லை. வண்டி இடப்பக்கம் ஓடும் இலங்கை, இங்கிலாந்து போன்ற நாடுகளில் மற்றுமோர் எச்சரிக்கை வேண்டும். தாழ்வொளியின் ஒரு பகுதி தன் ஓரத்தை நோக்கிச் சற்றே உயருமாறு இக்கால விளக்குகள் அமைந்துள்ளன. வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்கெனச் செய்த விளக்கை இங்கே பூட்டினால், ஓரத்தைக் காட்டவேண்டிய அக்கதிர் எதிரே வருபவரின் கண்ணிலே பாயும்.

மெழுகுதிரி முதல் எல்.ஈ.டி. வரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு, விளக்கின் திறனை ஒளியின் அளவு ஒன்றினால் மட்டும் மதிப்பிடலாகாது எனக் கற்பிக்கிறது. ஏற்றுவதற்கு வேண்டிய அறிவைப் போலவே தாழ்த்துவதற்கும் அறிவு வேண்டியிருந்தது. அவ்வறிவைப் பெற மனிதன் நெடுங்காலம் உழைத்தான். இருவர் எதிரெதிரே வரும் இருண்ட வீதியில், ஒருவர் வழியை மற்றவர் விளக்கே காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். சுவிச்சின்மேல் இருக்கும் விரல் தன் வழியை மட்டும் எண்ணாமல் எதிர்வழியையும் எண்ணும்போதே, அந்த ஒளி இருவருக்கும் வழிகாட்டும் ஒளியாகும்.